திருப்பிவிட்ட மெயில் எங்கே தொலைகிறது?

பெங்களூரு ஈஜிபுராவில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீடு மாறுவது பழகிப்போன விஷயம். பழைய முகவரிக்கு வரும் தபாலைக் கீழ்வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்து கொடுத்தனுப்புவார். இணையத்தில் இந்த வேலையை ஹோஸ்டிங் சர்வர் செய்கிறது. ஆனால் அது கொண்டுபோகும் மெயிலைப் புது முகவரியின் காவலாளி பல நேரம் வாசலிலேயே மறித்துவிடுகிறார்.

அங்கே ஒரு தெருவில் சிறிய அச்சகம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வலைத்தளம் டாட் காமில் இருக்கிறது. வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று அதே பெயரை டாட் இன்னிலும் பதிந்து, அதே தளத்தைக் காட்டும்படி நிறுத்திவைக்கிறார் உரிமையாளர். இதுதான் பார்க்டு டொமைன். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சி-பேனல் மென்பொருளில் இதற்கு 'ஏலியஸ்' என்று பெயர். டாட் இன் முகவரிக்கு வரும் மெயிலெல்லாம் தன் ஜிமெயிலுக்குப் போகட்டும் என்று ஒரு 'ஃபார்வர்டர்' போடுகிறார். இரண்டு நிமிட வேலை. பிறகு ஒருநாள், "கல்யாணப் பத்திரிகை வாசகம் அனுப்பினேனே, பார்க்கவில்லையா?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். மெயில் வரவே இல்லை.

காரணம் பழையது. மெயிலைச் சுமக்கும் எஸ்எம்டிபி விதிகள் 1982-இல் எழுதப்பட்டன. அவற்றின்படி அனுப்புநர் இடத்தில் எவர் பெயரையும் எழுதலாம், சரிபார்க்க வழியில்லை. இந்த ஓட்டையை அடைக்க வந்தது எஸ்பிஎஃப். 'என் பெயரில் மெயில் அனுப்ப இந்தச் சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி' என்று ஒவ்வொரு டொமைனும் இணையத்தின் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் பட்டியல் போட்டு வைக்கும் ஏற்பாடு அது. வாடிக்கையாளரின் மெயிலை அச்சகத்தின் சர்வர் கைமாற்றும்போது, உறையில் அனுப்புநராக வாடிக்கையாளர் பெயர். கொண்டுவருவதோ அவர் பட்டியலில் இல்லாத சர்வர். ஜிமெயிலின் கண்ணுக்கு அது ஆள்மாறாட்டம்.

தீர்வுகள் உண்டு. முதலாவது எஸ்ஆர்எஸ். மெயிலின் வெளி உறையில் உள்ள அனுப்புநர் முகவரியை மட்டும் சர்வர் தன் பெயருக்கு மாற்றி எழுதுகிறது. புது முகவரியை உற்றுப் பார்த்தால் நான்கு துண்டுகள் தெரியும்: போலியைத் தடுக்கும் சிறு சங்கேதம், தேதி முத்திரை, பழைய டொமைன், பழைய பெயர். மெயில் போய்ச் சேராவிட்டால், வந்த வழியே அனுப்பியவரிடம் திரும்ப இது போதும்.

இரண்டாவது டிகிம். இது உறையைத் தொடாமல், அனுப்புபவரின் சர்வர் கடிதத்தின் மேலேயே இடும் மின்னணு முத்திரை. எத்தனை கை மாறினாலும், உள்ளே இருப்பதை யாரும் திருத்தாதவரை முத்திரை கலையாது. 'வைரஸ் சோதிக்கப்பட்டது' என்று சர்வர் அடியில் ஒரு வரி சேர்த்தாலே பெரும்பாலும் உடைந்துவிடும். 2024 பிப்ரவரி முதல், தன் பயனர்களுக்கு மெயில் அனுப்பும் எல்லோரும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிமெயில். நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு இரண்டும் வேண்டும், இந்தச் சோதனைகளில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று டொமைன் அறிவிக்கும் டிமார்க்கும் வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒரு பழக்கம். எந்தப் பெயருக்கு வந்தாலும் அள்ளிக்கொள்ளும் 'கேட்ச்-ஆல்' வேண்டாம். நிறுத்திவைத்த டொமைனுக்கு வருவதில் பெரும்பகுதி குப்பை. அதையெல்லாம் கைமாற்றினால் குப்பை அனுப்பியவன் என்ற கெட்ட பெயர் உங்கள் சர்வருக்குத்தான். நாளடைவில் நல்ல மெயிலும் நிற்கும். தேவையான ஓரிரு முகவரிகளை மட்டும், ஸ்பாம் வடிகட்டிய பிறகு திருப்பிவிடுங்கள். அந்த டொமைனில் மெயிலே வேண்டாம் என்றால் கதவை முழுதாகச் சாத்தலாம்: 'இங்கே மெயில் வாங்குவதில்லை' என்று சொல்லும் வெற்று எம்எக்ஸ் பதிவு 2015 முதல் முறையான விதி. 'எங்கள் பெயரில் எந்தச் சர்வரும் அனுப்பாது' என்ற எஸ்பிஎஃப் வரியையும் சேர்த்தால், உங்கள் பெயரில் ஏமாற்றுவது கடினமாகும்.

கடைசியாக, புதுப்பிக்கும் தேதி. மறந்து கைவிட்ட டொமைனை வேறொருவர் வாங்கினால், பழைய வாடிக்கையாளர்களின் கடிதங்களும் கடவுச்சொல் மாற்றும் மெயில்களும் அவர் கைக்குப் போகும். அச்சகத்தின் தினசரி நாள்காட்டியில், வாடகை நாளுக்குப் பக்கத்திலேயே அந்தத் தேதியையும் சிவப்பு மையில் வட்டமிட்டு வைப்பது நல்லது.