மறதி மருந்தாகாது

பெருந்துயரத்திற்கு உள்ளான ஒருவரைக் காணச் செல்லும்போது, என்ன சொல்லித் தேற்றுவதென்று தெரியாமல் தவிக்கும் நம்மில் பெரும்பாலோர், நல்லெண்ணத்தினாலேயே, "நடந்தது நடந்துபோயிற்று, அதையே நினைத்துக்கொண்டிராமல் மறந்துவிடுங்கள்" என்று கூறிவிட்டு எழுந்து வருகிறோம். காலம் ஆற்றும் துக்கங்களும் உண்டாதலால், அந்த வார்த்தையை அடியோடு பிழையென்று தள்ளிவிடுவதற்கில்லை. ஆயினும், மனிதருக்கு மனிதர் இழைத்த கொடுமையால், அதிலும் குடிகளைக் காக்க வேண்டிய ஆயுதங்களே குடிகளின்மேல் திரும்பியதால் உண்டான காயத்திற்கு மறதி மருந்தாகுமா? இந்தக் கேள்வியைத் தம் வாழ்க்கையின் கேள்வியாகவே ஏற்று, சாஸ்திரத்தின் துணைகொண்டும் விசுவாசத்தின் துணைகொண்டும் அதற்கு விடை தேடி, முடிவில் அந்தக் கொடுமைக்கே இரையான ஒரு கத்தோலிக்க மனோதத்துவ அறிஞரின் சரித்திரம் நாம் அறிய வேண்டியது.

1942ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி ஸ்பெயின் தேசத்து வல்லதோலித் நகரில் பிறந்த இக்னாசியோ மார்ட்டின்-பாரோ, நம் வீரமாமுனிவர் எந்தத் துறவியர் சபையைச் சேர்ந்தவராயிருந்தாரோ அந்தச் சேசு சபையில் 1959இல் புகுந்து, பயிற்சிக் காலத்திலேயே மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சால்வடோருக்கு அனுப்பப்பட்டார். தத்துவத்தையும் இலக்கியத்தையும் கொலம்பியாவில் கற்று, வேதசாஸ்திரத்தை ஐரோப்பாவில் தொடங்கி எல் சால்வடோரில் முடித்து, பிறகு மனோதத்துவத்தில் நாட்டம் மிகுந்து, 1979இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே ஒரு பேராசிரியராக அமர்ந்து நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ, யுத்தத்தின் வாயிலில் நின்றுகொண்டிருந்த அந்தச் சிறிய நாட்டுக்கே திரும்பி, தலைநகர் சான் சால்வடோரில் சேசு சபையார் நடத்திவந்த மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார்.

அந்நாட்டின் நிலைமையைச் சற்றே சொன்னாலன்றி அவருடைய சிந்தனையின் அருமை விளங்காது. காப்பித் தோட்டங்களையும் நல்ல நிலங்களையும் விரல்விட்டு எண்ணத்தக்க சில குடும்பங்கள் வைத்திருக்க, அவற்றில் உழைத்த விவசாயிகள் நிலமற்றவர்களாயும் எழுத்தறியாதவர்களாயும் வாழ்ந்த தேசம் அது. ஏழைகளுக்காகப் பேசிய குருமாரும் தப்பவில்லை. 1977இல் ருத்திலியோ கிராந்தே என்ற சேசு சபைக் குரு சுடப்பட்டார். 1980 மார்ச் 24ஆம் தேதி, பூசை செய்துகொண்டிருந்த வேளையில், அதிமேற்றிராணியார் ஆஸ்கர் ரொமேரோ பீடத்தின் அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து 12 ஆண்டுகள் நடந்த உள்நாட்டு யுத்தத்தில் ஏறக்குறைய 75,000 பேர் மாண்டனர். 1981 டிசம்பரில் எல் மொசோத்தே என்னும் சிற்றூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மட்டும், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் இராணுவத்தால் கொல்லப்பட்டிருக்க, அப்படியொன்று நடக்கவேயில்லை என்று அரசாங்கம் சாதித்தது.

கொடிய அநுபவங்களால் சித்தம் கலங்கியவர்களின் நிலையை மேல்நாட்டு மருத்துவம் ஒரு தனி நோயாக வகுத்து, 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல்' என்ற பொருள்படும் பெயரால் அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரபூர்வமான கையேட்டில் சேர்த்ததும் ரொமேரோ கொல்லப்பட்ட அதே 1980ஆம் ஆண்டில்தான். நடந்தது மீண்டும் மீண்டும் கண்முன் தோன்றுவது, உறக்கம் கெடுவது, சிறு ஓசைக்கும் திடுக்கிடுவது முதலான அதன் லக்ஷணங்களை மார்ட்டின்-பாரோ மறுக்கவில்லை. ஆனால், 'பிந்தைய' என்ற சொல்லிலும், நோய் முழுவதும் அந்த ஒருவருடைய உள்ளத்துக்குள்ளேயே இருக்கிறது என்ற எண்ணத்திலும் அவருடைய மனம் ஒப்பவில்லை. ஈழத்து மருத்துவர்கள் இத்தகைய காயத்தை 'மனவடு' என்று அழகாகக் குறிக்கிறார்கள். வடு என்பது புண் ஆறியபின் நிற்பது. குத்திய முள் இன்னும் உள்ளே இருக்கையில், குத்தியவனும் எதிரிலேயே நிற்கையில், அதனை வடு என்பதா, புண் என்பதா?

ஆகவே, 1988இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் 'உள-சமூகக் காயம்' என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு சமுதாயத்தில் மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள உறவே முறிந்து, பலாத்காரத்தின்மேல் அமைந்துவிடும்போது, அந்த முறிவுதான் மூலக்காயம். தனி மனிதரிடம் நாம் காணும் அச்சமும் நடுக்கமும் அதன் வெளிப்பாடுகள். அக்காயத்தை உண்டாக்கியது எந்த உறவோ, அதே உறவு மாறாமல் நீடிக்கும் வரையில் காயமும் நீடிக்கும். யுத்தத்திற்குரிய குணங்களாக அவர் மூன்றைக் கண்டார்: எதற்கும் வன்முறையையே தீர்வாகக் கொள்ளுதல், 'நம்மவர், பகைவர்' என்று சமுதாயம் இரண்டாகப் பிளத்தல், அதிகாரத்தில் இருப்போர் பொய்யையே நாட்டின் வழக்கமாக்கிவிடுதல்.

இம்மூன்றில் கடைசியாகச் சொன்ன பொய்யே, ஆறும் தறுவாயிலுள்ள புண்ணையும் ஆறவொட்டாமல் செய்வது. சேனைகள் ஊரை வளைத்தபோது மண்ணுக்கடியில் தோண்டிய குழிகளில் பதுங்கியிருந்து உயிர் தப்பிய விவசாயிகளுக்கு, மறுபடியும் ஒரு படையெடுப்பு வருகிறதென்ற பேச்சு எழுந்த மாத்திரத்தில் உடல் முழுவதும் நடுங்கியதையும், கைகால்கள் சோர்ந்துபோனதையும் அவர் எழுதியிருக்கிறார். அந்த நடுக்கத்தைப் பைத்தியமென்று சொல்லலாமா? அசாதாரணமான ஒரு நிலைமைக்கு ஆரோக்கியமான சரீரமும் மனமும் காட்டிய இயல்பான எதிரொலி அது என்பதே அவருடைய துணிபு. இந்த நடுக்கத்தின்மேல் பொய்யும் வந்து சேர்கிறது. தன் கண்ணெதிரே மகனைப் பறிகொடுத்த தாய்க்கு, 'உன் மகன் கொல்லப்படவேயில்லை' என்று வானொலி சொல்லும்போது, அவள் மகனை இழந்ததோடு தன் கண்ணையும் புத்தியையும் நம்பும் உரிமையையும் இழந்துவிடுகிறாள்.

இந்தக் காயத்திற்கு அவர் கையாண்ட சிகிச்சை முறை விசித்திரமானது. சாய்வு நாற்காலியும் மூடிய கதவும் அதில் இல்லை. 1986இல் பல்கலைக்கழகத்தில் பொதுஜன அபிப்பிராய ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவி, யுத்தத்தைப் பற்றியும் வறுமையைப் பற்றியும் ஜனங்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பதைக் கேட்டறிந்து, அதனைப் பிரசுரித்துவந்தார். அபிப்பிராயக் கணிப்பை ஒரு சமுதாயக் கண்ணாடியாக அவர் கருதினார். வாய்திறக்க அஞ்சி, 'நான் ஒருவன்தான் இப்படி எண்ணுகிறேன் போலும்' என்று மருகியிருந்த ஏழை, தன்னைப்போலவே எண்ணற்றோர் சமாதானப் பேச்சை விரும்புகிறார்கள் என்று அக்கண்ணாடியில் கண்டபோது, அவனுடைய தனிமை நீங்கிற்று. வாரக் கடைசியில் அவர் ஹயாக்கே என்னும் கிராமத்துப் பங்கிற்குச் சென்று, பூசை நிறைவேற்றி, அந்த எளிய மக்களோடு பழகிவந்தார். கிதார் வாசித்துப் பாடுவதிலும் வல்லவர். மனோதத்துவம் செய்ய வேண்டிய அவசரப் பணிகள் மூன்றென்று அவர் வகுத்தார்: மக்கள் தம் சரித்திர ஞாபகத்தை மீட்டுக்கொள்ள உதவுதல், அன்றாட அநுபவத்தின்மேல் போர்த்தப்பட்ட பொய்த் திரையை விலக்குதல், துன்பத்திலும் அழியாத மக்களின் நற்குணங்களைப் பற்றுக்கோடாகக் கொள்ளுதல்.

மன்னிப்பைப் போதிக்கும் ஒரு குருவானவர் மறதியைப் போதிக்க மறுத்தது முரணாகுமோ என்று சிலர் ஐயுறலாம். கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்தை நினைத்துப் பார்த்தால் அந்த ஐயம் நீங்குமென்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே பாவத்தை வாய்விட்டு அறிக்கையிடுதலும், மெய்யான மனஸ்தாபமும், பரிகாரம் செய்யும் பிரதிக்கினையும் இருந்தால்தான் பாவமன்னிப்பு வழங்கப்படுகிறது. மறைத்து வைத்த பாவத்திற்கு மன்னிப்பில்லை. கொலையுண்டோரின் பெயரைச் சொல்லாமலும், கொன்றோரின் செயலை ஒப்புக்கொள்ளாமலும், பாதிக்கப்பட்டோரை நோக்கி 'மன்னித்து மறந்துவிடுங்கள்' என்பது, அவர்கள்மேல் மற்றுமொரு சுமையை ஏற்றுவதேயாகும்.

1989 நவம்பரில், அரசாங்கத்தை எதிர்த்துப் போரிட்ட கெரில்லாப் படையினர் தலைநகரைத் தாக்கினர். அம்மாதம் 16ஆம் தேதி, பொழுது விடியுமுன், இராணுவத்தின் அட்லாகாட்ல் படைப்பிரிவைச் சேர்ந்த சிப்பாய்கள் பல்கலைக்கழகத்திலிருந்த குருக்களின் இல்லத்துக்குள் புகுந்து, பல்கலைக்கழகத் தலைவர் இக்னாசியோ எய்யாகுரியா, மார்ட்டின்-பாரோ உட்பட ஆறு குருமாரையும், பாதுகாப்பு நாடி அன்றிரவு அங்கே தங்கியிருந்த சமையற்காரி எல்பா ராமோஸையும், அவளுடைய 16 வயது மகள் செலினாவையும் சுட்டுக் கொன்றனர். பழியைக் கெரில்லாக்களின்மேல் போடவும் முயன்றனர். மார்ட்டின்-பாரோ கண்டு சொன்ன வன்முறை, பிளவு, பொய் என்ற மூன்றும் ஒரே இரவில் அவருடைய வாசலுக்கே வந்தன.

1992 ஜனவரியில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் அமைந்த உண்மை அறியும் குழு, 22,000க்கும் மேற்பட்ட முறையீடுகளை ஆராய்ந்து, அவற்றில் 85 சதவீதம் அரசாங்கத்தின் படைகளையும் அவற்றைச் சார்ந்தோரையுமே குற்றம் சாட்டின என்று 1993 மார்ச்சில் அறிவித்தது. ஒரு வாரத்திற்குள்ளாகவே பொதுமன்னிப்புச் சட்டம் நிறைவேறியது. 'மறந்துவிடுங்கள்' என்ற வார்த்தை சட்டமாகவே வந்துவிட்டது. ஆயினும் மக்கள் மறக்கவில்லை. உற்றாரை இழந்தோரின் முயற்சியால் 2003இல் சான் சால்வடோரின் குஸ்கத்லான் பூங்காவில் நீண்டதொரு கருங்கற் சுவர் எழுந்து, மாண்டோரும் காணாமற்போனோருமாக 25,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கி நிற்கிறது. 2016இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பொதுமன்னிப்புச் சட்டத்தைச் செல்லாதென்று தள்ளியது. 2020இல் ஸ்பெயின் நாட்டு நீதிமன்றம், பல்கலைக்கழகப் படுகொலையில் பங்குகொண்ட முன்னாள் இராணுவ அதிகாரி ஒருவருக்கு 133 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. குருமாரின் உடல்கள் கிடந்த புல்வெளியில், எல்பாவின் கணவரான தோட்டக்காரர் ஒப்தூலியோ நட்ட ரோஜாச் செடிகளின் தோட்டத்தை இன்றும் யாத்திரிகர்கள் சென்று காண்கிறார்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கொடுமைக்கு உள்ளான ஒருவர், ஒரு பெண்ணாகவோ, ஒரு குழந்தையாகவோ, அகதியாகவோ, உங்கள் எதிரில் அமர்ந்து, தமக்கு நேர்ந்ததைச் சொல்லத் தொடங்கினால், 'மறந்துவிடு' என்று அவருடைய வாயை மூடாதீர்கள். அவர் பேசி முடிக்கும் வரையில் அருகிலேயே இருந்து கேளுங்கள். கேட்டபின், "ஆம், இது நடந்தது, உமக்கு இழைக்கப்பட்டது அநீதிதான்" என்று சொல்லுங்கள்.