விண்வெளியில் 'பெட்ரோல் பங்க்': ஸ்டார்ஷிப்புக்கு எரிபொருள் நிரப்புவதில் என்ன சிக்கல்?

பங்க்கில் வண்டியை நிறுத்தினால் இரண்டு நிமிடத்தில் டேங்க் நிரம்பிவிடும். விண்வெளியில் இதே வேலைதான் நிலவுப் பயணத்துக்குத் தலைவலி.

மனிதர்களை நிலவில் இறக்க, ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் கலத்தை 2021இல் நாசா தேர்வு செய்தது. பூமியின் சுற்றுப்பாதையை எட்டுவதற்குள் அதன் டேங்க் கிட்டத்தட்ட காலி. டேங்கர் கலங்கள் அடுத்தடுத்து வந்து நிரப்பினால்தான் நிலவுக்குக் கிளம்ப முடியும்.

'இதுல புதுசா என்ன? 1978லேயே சோவியத்தின் புரோகிரஸ் கலம், சல்யூட்-6 நிலையத்துக்கு எரிபொருள் நிரப்பியதே' என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், அது சாதாரண வெப்பநிலையிலும் திரவமாகவே இருக்கும் எரிபொருள். ஸ்டார்ஷிப்பில் இருப்பவையோ மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் ஆக்சிஜனும், மைனஸ் 161 டிகிரியில் கொதிக்கும் மீத்தேனும்.

எடையற்ற நிலையில் திரவம் டேங்கின் அடியில் தங்காது. வாயுவோடு கலந்து மிதக்கும். பம்ப் வைத்து இழுத்தால் வாயுதான் வரும். அதனால், சிறு உந்திகளை இயக்கி கலத்தை மெல்லத் தள்ளுவார்கள். பஸ் கிளம்பும்போது நாம் பின்னால் சாய்கிறோமே, அதுபோல திரவமும் பின்பக்கம் ஒதுங்கும். பிறகு, கொடுக்கும் டேங்கில் அழுத்தத்தைக் கூட்டினால், அழுத்தம் குறைந்த டேங்குக்குத் திரவம் தானாகப் பாயும்.

சரி, அழுத்தம் கொடுக்க எந்த வாயு? இங்கேதான் வில்லங்கம்.

எஞ்சின் ஓடும்போது சூடான மீத்தேன், ஆக்சிஜன் வாயுக்களை அதிலிருந்தே டேங்குக்குத் திருப்பிவிடலாம். தனி சிலிண்டர் வேண்டாம். ஆனால், குளிர்ந்த டம்ளரில் நீராவி படிவதுபோல, அந்த வாயு குளிர்ந்த திரவத்தைத் தொட்டதும் மறுபடி திரவமாகும். திரவம் அலம்பினால் இன்னும் மோசம். அழுத்தம் மளமளவென இறங்கிவிடும். ஹீலியம் அப்படித் திரவமாகாது. ஆனால், அதற்குக் கனமான சிலிண்டர்களைச் சுமக்க வேண்டும்.

2020 டிசம்பரில் எஸ்என்8 என்ற ஸ்டார்ஷிப் மாதிரி தரையிறங்கும்போது, மீத்தேன் டேங்கில் அழுத்தம் குறைந்து மோதி வெடித்தது. அதற்காக ஹீலியத்துக்கு மாறினார்கள். 2021 மார்ச்சில் எஸ்என்10 வேகமாக வந்து இறங்கி, சில நிமிடங்களில் வெடித்தது. எஞ்சினுக்குள் ஹீலியம் புகுந்து உந்துவிசை குறைந்திருக்கலாம் என்றார் எலான் மஸ்க். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்புகிறது!

2024 மார்ச்சில் நடந்த மூன்றாவது சோதனைப் பயணத்தில், ஒரே கலத்துக்குள் ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்குத் திரவ ஆக்சிஜனை மாற்றிப் பார்த்தார்கள். இரண்டு கலங்களை இணைத்து மாற்றும்போது, வாங்கும் டேங்கும் ஒத்துழைக்க வேண்டும். அது சூடாக இருந்தால், உள்ளே வரும் திரவம் தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி சட்டென ஆவியாகி அழுத்தத்தை ஏற்றும். எதிரே பாய்வதும் நின்றுபோகும். முதலில் டேங்கைக் குளிர்விக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் வாயுவை வெளியே விடவும் வேண்டும்.

குளிர்ச்சியைக் காப்பதும் லேசான காரியமில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 2018இல் 42 லிட்டர் திரவ மீத்தேனை நாசா அனுப்பியது. நான்கு மாதம் ஆவியாகாமல் இருந்தது. 2019 ஏப்ரலில் குளிர்விக்கும் கருவி பழுதாகவே, இன்னொரு டேங்குக்கு மாற்றிப் பார்க்கும் முன்பே அத்தனையையும் வெளியே விட வேண்டியதாயிற்று. ஸ்டார்ஷிப்பில் அப்படி வீணானால், இன்னொரு டேங்கர் ராக்கெட்டைத்தான் ஏவ வேண்டும்.