புதுக் கார் அடிக்கடி மக்கர் செய்கிறதா? கோபம் வேண்டாம், கோப்பு வேண்டும்!

புதிய கார் வீட்டுக்கு வருவது நம்மவர்களுக்கு ஒரு சுபகாரியம். கையோடு கோயிலுக்கு ஓட்டிச் சென்று, அர்ச்சனை செய்து, நான்கு டயர்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் சாலையில் இறக்குகிறோம். ஆனால், சந்தனப் பொட்டு அழிவதற்குள் அதே கார் பட்டறை வாசலில் போய் நின்றால் என்ன செய்வது? ஒருமுறை என்றால் பரவாயில்லை. மூன்றாவது முறை, நான்காவது முறை என்று அதே பழுது திரும்பத் திரும்ப வந்தால்?

பூச்சோங்கில் வசிக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கணவருக்கு ஷா ஆலாமில் வேலை, மனைவிக்குப் பெட்டாலிங் ஜெயாவில் வேலை, நடுவில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். காலை நெரிசலில் டாமன்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால் அன்றைய பிழைப்பே நின்றுவிடும். கார் ஓடாவிட்டாலும் வங்கித் தவணை மட்டும் நிற்காமல் ஓடும். இந்நாட்டில் கார் கடன் 9 ஆண்டுகள் வரை நீளக்கூடியது. ஆக, இது வெறும் மனவருத்தம் அல்ல. ஒரு குடும்பத்தின் பல ஆண்டு வருமானம் சம்பந்தப்பட்ட விஷயம்.

இந்த நிலையில் பலரும் செய்வது என்ன? விற்பனையாளரிடம் சத்தம் போடுவார்கள். அவரும், "அண்ணே, புது வண்டின்னா அப்படித்தான் இருக்கும், ஓட ஓட சரியாயிடும்" என்று தேற்றி அனுப்பிவிடுவார். நாளும் மாதமும் இப்படியே ஓடிவிடும். சட்டம் நம் பக்கம் இருந்தும், அதை நிரூபிக்கக் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. பிரச்சினையே இங்குதான் தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அதன் 32-ஆவது பிரிவு. அதாவது, பொருள் அதற்குரிய வேலையைச் செய்ய வேண்டும். சிறு குறைகள்கூட இல்லாமல் இருக்க வேண்டும். பாதுகாப்பாக இருக்க வேண்டும். நீடித்து உழைக்க வேண்டும். இந்த உத்தரவாதத்தை விற்பவர் வாயால் சொல்லத் தேவையில்லை, தாளில் எழுதவும் தேவையில்லை. சட்டமே அதைக் கொடுத்துவிடுகிறது. வாரண்டி புத்தகத்தில் எத்தனை நிபந்தனைகள் இருந்தாலும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது.

பழுது சரிசெய்யக் கூடியது என்றால், முதலில் விற்றவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். நியாயமான காலத்துக்குள் அவர் சரிசெய்யாவிட்டால் பயனீட்டாளருக்கு இரண்டு வழிகள் திறக்கின்றன. வேறு இடத்தில் பழுது பார்த்துச் செலவைக் கேட்கலாம். அல்லது பொருளையே வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். பெரிய பழுதாகவோ, சரிசெய்யவே முடியாத பழுதாகவோ இருந்தால் நேரடியாகவே திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் ஒரு விஷயம். திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் நியாயமான காலத்துக்குள் பயன்படுத்த வேண்டும். 'போகட்டும், அடுத்த மாதம் பார்ப்போம்' என்று தள்ளிக்கொண்டே போனால் உரிமை கைநழுவிப் போகும்.

நீதிமன்றம் வரை சென்ற வழக்கும் உண்டு. சிலாங்கூரில் தண்ணீர் விநியோகத்தில் ஈடுபட்டிருந்த பூஞ்சாக் நியாகா நிறுவனம், தன் தலைவரின் பயன்பாட்டுக்காக வாங்கிய மெர்சிடிஸ் கார் பழுதாகியது என்று வழக்குத் தொடுத்தது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாங்கியது நிறுவனமே ஆனாலும் அது பயனீட்டாளர்தான், இந்தச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர் வைக்க வசதி உண்டு. சாதாரணக் குடும்பம் எங்கே போவது?

ஐந்து வெள்ளியில் ஒரு நடுவர் மன்றம்

அதற்காக அமைந்ததுதான் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. பொதுவாக வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை. இரு தரப்பும் நேரில் பேச வேண்டும். சம்பவம் நடந்த 3 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். தீர்ப்பை 14 நாட்களுக்குள் நிறைவேற்றாதது குற்றம்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இங்கே கோரக்கூடிய தொகையின் உச்ச வரம்பு 50,000 வெள்ளி. 70,000 வெள்ளிக் கார் என்றால் முழு விலையையும் கேட்க முடியாது. கூடுதல் தொகையை விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது எதிர்த்தரப்பு எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். பழுதுச் செலவு, இழுவை வண்டிச் செலவு போன்றவற்றைக் கேட்பதற்கு இந்த வரம்பு பெரும்பாலும் போதும். அதற்கு மேல் என்றால் சிவில் நீதிமன்றம். 100,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும், 10 லட்சம் வெள்ளி வரை செஷன்ஸ் நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுக்கலாம்.

ஜாப் ஷீட்தான் சாட்சி

எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆதாரம் எங்கே?" எனவே முதல் பழுதிலிருந்தே ஒரு கோப்பைத் திறந்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறை காரை ஒப்படைக்கும்போதும் ஜாப் ஷீட் கேட்டு வாங்குங்கள். அதில் தேதி, ஓடிய கிலோமீட்டர், நீங்கள் சொன்ன புகார் ஆகியவை இருக்க வேண்டும். 'பொதுப் பரிசோதனை' என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 'சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது இயந்திரம் அணைந்துவிடுகிறது' என்று நடப்பதை நடப்பதுபோலவே எழுதச் சொல்லுங்கள். காரைத் திரும்ப எடுக்கும்போது என்ன செய்தார்கள், எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்ற தாளையும் வாங்குங்கள். கார் எத்தனை நாள் பட்டறையில் கிடந்தது என்பதை இவ்விரண்டு தாள்களே காட்டிக்கொடுக்கும்.

"பழுது எதுவும் காணவில்லை" என்று பட்டறையில் சொன்னால் மனம் தளர வேண்டாம். அதையும் எழுதி வாங்குங்கள். மறுமுறை பழுது வரும்போது, காரைப் பாதுகாப்பாக ஓரம் கட்டிய பிறகு, எச்சரிக்கை விளக்கையும் சத்தத்தையும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். தொலைபேசியில் பேசியதை அன்றே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். வாரண்டி காலத்தில் வெளிப் பட்டறையில் இயந்திரத்தைப் பிரிக்க விடாதீர்கள். 'அவன் கை வைத்ததால்தான் கெட்டது' என்ற சாக்குக்கு அது வழிவிடும். இன்னொன்று, கோபத்தில் தவணையை நிறுத்துவது. தவணைக் கொள்முதல் கடனில் கார் வாங்கியிருந்தால், கடன் முடியும்வரை காரின் உரிமையாளர் வங்கிதான். தொடர்ந்து இரண்டு தவணை கட்டாவிட்டால், 21 நாள் அறிவிப்புக்குப் பிறகு காரை இழுத்துச் செல்ல சட்டம் இடம் தருகிறது. காரும் போகும், ஆதாரமும் போகும், பெயரும் கெடும். தவணையைக் கட்டிக்கொண்டே போராடுங்கள். பழுதைப் பற்றி வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

மற்ற நாடுகளில்...

ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட காரை எலுமிச்சை, அதாவது லெமன் என்றே அழைக்கிறார்கள். அதனால்தான் இதற்கான சட்டத்துக்கு லெமன் சட்டம் என்று பெயர். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982-லேயே இதை இயற்றியது. பிலிப்பைன்ஸின் 2014-ஆம் ஆண்டுச் சட்டம், 12 மாதம் அல்லது 20,000 கிலோமீட்டருக்குள் ஒரே பழுதை நான்கு முறை பார்த்தும் தீராவிட்டால் என்று எண்ணிக்கையையே குறிப்பிடுகிறது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல், வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு.

நமது 1999-ஆம் ஆண்டுச் சட்டமோ எண்ணிக்கை எதையும் சொல்லாமல் 'நியாயமான காலம்' என்று மட்டுமே சொல்லியது. எது நியாயம் என்று வாதாடும் சுமை வாங்கியவர் தலையில் விழுந்தது. இங்கும் லெமன் சட்டம் வேண்டும் என்று பயனீட்டாளர் அமைப்புகள் குரல் கொடுத்து வந்துள்ளன.

புகாரை எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் தேசியப் பயனீட்டாளர் புகார் மையத்தையோ பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையோ நாடலாம். ஆனால் அவர்களும் முதலில் கேட்கப் போவது அந்த ஜாப் ஷீட்டுகளைத்தான். கார் வாங்கும் அன்றே ஒரு கோப்பையும் வாங்கி வையுங்கள். அது காலியாகவே இருந்துவிட்டால் மகிழ்ச்சி. பழுது வந்தால், உங்களுக்காகப் பேசப் போவது அதுதான்.