கூரை வீட்டுக்கும் இன்சூரன்ஸ் உண்டு

2024 டிசம்பர் 1-ல், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண் சரிந்து 7 பேர் மாண்டனர். ரமணாசிரமம் பகுதியும் அதே மலையின் அடிவாரந்தான். கீற்றும் புல்லும் வேய்ந்த வீட்டை யார் இன்சூர் செய்வார்கள் என்று விவசாயிகள் பலர் இருந்துவிடுகிறார்கள். அது தவறு.

'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுப் பாலிசி 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. தீ, மின்னல், புயல், வெள்ளம், மண்சரிவு ஆகியவற்றால் வீட்டுக்கு ஏற்படும் சேதம் இதில் அடங்கும். சுவரோ கூரையோ ஓலை, புல், மூங்கில், தார்ப்பாய் போன்றவற்றால் ஆனதென்றால் அது 'கச்சா' கட்டடம். இதற்குச் சாதாரணமாகப் பிரீமியம் கூடும். அதற்குப் பயந்து ஓட்டு வீடு என்று எழுதிக் கொடுக்காதீர்கள். நஷ்டஈடு கிடைக்காமல் போகலாம்.

மனை விலையைச் சேர்க்க வேண்டாம். வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கே இன்சூர் செய்யுங்கள். கட்டடத் தொகையில் 20 சதவீதம் வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும். மாட்டுக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும்.

கூரை எரிந்தால் பாலிசியும் எரியும். ஆகவே, அதன் நகலையும் வீட்டின் போட்டோவையும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். சேதம் நேர்ந்தால் உடனே கம்பெனிக்குத் தெரிவியுங்கள்.