தாடு நதிக்கரைக் கோபுரங்கள்

திபெத்து என்றவுடன் நம்மவர்களின் மனக்கண் முன் வந்து நிற்பவை லாசா நகரத்துப் போதலா அரண்மனையும், கைலாய சிகரமும், அதன் அருகே விளங்கும் மானசரோவரமுமே. ஆயினும் திபெத்தியர் வாழும் பூமி அந்த உயர்ந்த பீடபூமியோடு முடிந்துவிடுவதில்லை. கிழக்கே, சீன தேசத்துச் சிச்சுவான் மாகாணத்தின் மேற்குப் பாகமெங்கும், செங்குத்தான பள்ளத்தாக்குகளிலும் அவற்றுக்கு மேலுள்ள புல்வெளிகளிலும், திபெத்திய மொழியையோ அதற்கு உறவான மொழிகளையோ பேசி, பௌத்தத்தையும் அதற்கு முன்பே வேரூன்றியிருந்த போன் மதத்தையும் அனுசரித்து வாழும் ஜனங்கள் பரவியிருக்கிறார்கள். லாசாவுக்குச் செல்லும் அயல்நாட்டார் பெற்றாகவேண்டிய தனி அனுமதிச் சீட்டு இப்பகுதிக்குத் தேவையில்லை. சிற்சில காலங்களில் சிற்சில ஊர்களை அரசாங்கம் மூடிவிடுவதுண்டு என்பதை மட்டும் முன்கூட்டி விசாரித்துக்கொண்டு, செங்டு நகரில் ஒரு காரை அமர்த்திப் புறப்பட்டுவிடலாம்.

செங்டு சமவெளி நகரம். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து மேற்கே திரும்பும் சாலை, 2008ஆம் ஆண்டு மே மாதத்துப் பூகம்பத்தில் மண்ணோடு மண்ணான யிங்ஷியு என்னும் ஊரைத் தொட்டு, பாண்டாக் கரடிகளுக்குப் பெயர்போன வோலோங் வனத்தைக் கடந்து, பாலாங் மலையின்மீது வளைந்து வளைந்து ஏறுகிறது. இப்போது மலையைக் குடைந்து சுரங்கப் பாதை போட்டுவிட்டார்கள். சில நிமிஷங்களில் அப்புறம் போய்விடலாம். ஆனால் பருவம் நன்றாயிருந்து பழைய சாலையும் திறந்திருக்குமானால், 4,400 மீட்டருக்கும் மேலே உள்ள கணவாய் வழியாகவே போகவேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். காற்றில் படபடக்கும் மந்திரக் கொடிகளையும், ஏறி வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கல்லாக வைத்து வைத்து உயர்ந்துவிட்ட கற்குவியலையும், எதிரே வெண்பனி போர்த்து நிற்கும் நான்கு சகோதரியர் மலையையும் காணாமல் சுரங்கத்தின் இருளில் நுழைந்து வெளியேறுகிறவன், எந்த நாட்டுக்குள் வந்திருக்கிறோம் என்பதை உணராமலே வந்து சேர்கிறான்.

மலையிறங்கினால் தன்பா. இரண்டு ஆறுகள் கூடித் தாடு நதியாகப் பெருகும் சங்கமத்தில் அமைந்த இந்த ஊரின் கடைத்தெருவில் பார்ப்பதற்கு அதிகமில்லை. பார்க்கவேண்டியவை சுற்றிலுமுள்ள மலைச்சரிவுகளில் இருக்கின்றன. கியால்ரோங் திபெத்தியர் என்று வழங்கப்படும் இவர்களுடைய பேச்சு லாசாக்காரருக்கு விளங்காது. இவர்களுடைய கிராமங்களில் ஜியாஜு என்பது, சீன பூகோளப் பத்திரிகையொன்று 2005ஆம் ஆண்டில் நாட்டின் அழகிய கிராமங்களுள் முதலிடம் தந்த பிறகு, பெரும் கீர்த்தி பெற்றுவிட்டது. பேரி மரங்களுக்கும் மக்காச்சோளக் கொல்லைகளுக்கும் நடுவே, ஒன்றையொன்று நெருக்காமல் தனித்தனியே நிற்கும் கல்வீடுகள். கீழ்த்தளம் ஆடுமாடுகளுக்கும், அதன்மேல் அடுப்படியும் கூடமும், உச்சியில் பூஜை அறையுமாக, மேலே போகப்போகத் தளம் குறுகி, குறுகிய இடமெல்லாம் தானியம் உலர்த்தும் திறந்த மாடியாகிவிடுகிறது. மாடியின் நான்கு மூலைகளிலும் கொம்புபோல் உயர்ந்த முனைகள். அவற்றின் மீது, நம் ஊர்களில் வெங்கச்சாங்கல் என்கிறோமே, அந்த வெண்கற்களை வைத்திருக்கிறார்கள். அவை அலங்காரத்துக்காக வைத்தவையல்ல. மலைத் தெய்வத்துக்கு வீட்டின்மேல் அளித்த இருப்பிடம். புத்தாண்டு வருமுன் சுவர்களுக்கு வெள்ளை மண் பூசிப் புதுப்பிக்கிறார்கள். பல குடும்பங்கள் விருந்தினருக்கு அறை விடுவதால், கடைத்தெருவிலுள்ள விடுதியைத் தேடாமல் இவ்வீடுகளில் ஒன்றில் தங்கி, வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீரைக் குடித்துப் பழகுவதே உசிதம்.

ஆனால் தன்பாவுக்கு வந்து ஜியாஜுவின் வர்ணங்களோடு திரும்பிவிடுவது, கோயிலுக்குப் போய்த் தேரை மட்டும் பார்த்துவிட்டு வருவதற்கு ஒப்பாகும். ஆற்றின் கீழ்ப்போக்கிலுள்ள சூபோவிலும், மலைமேல் விரிந்த ஜொங்லுவிலும், வீடுகளின் பக்கத்திலும் வயல்களின் நடுவிலுமாக, வானளாவ நிமிர்ந்து நிற்கும் கற்கோபுரங்களே இந்நாட்டின் மகத்தான சிருஷ்டி. இருபது, முப்பது மீட்டர் உயரமுள்ளவை சர்வ சாதாரணம். நாற்பதைத் தாண்டியவையும் உண்டு. பெரும்பாலானவை நான்கு மூலைகள் கொண்டவை. ஐந்து, ஆறு, எட்டு மூலைகளுடன் நட்சத்திர வடிவில் எழுந்தவையும், பதின்மூன்று மூலைகள் கொண்டதொன்றும் இருக்கின்றன. வாயில் தரையில் இல்லை. பல அடி உயரத்தில், ஏணி வைத்து ஏறிப் பின் ஏணியை உள்ளே இழுத்துக்கொள்ளும்படியாக அமைந்திருக்கிறது.

ஒரு கோபுரத்தின் மூலையருகே போய் நின்று, அதன் விளிம்பில் கையை வைத்து அண்ணாந்து பாருங்கள். சுண்ணாம்பு இல்லை, செதுக்கிய கல்லும் இல்லை, மலையில் கிடந்த பலகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்று மாறுகட்டாக அடுக்கி, இடுக்குகளில் சில்லுகளைச் செருகி, சேற்றைப் பூசி, இடையிடையே சுவருக்குள் மர உத்தரங்களைப் பதித்திருக்கிறார்கள், அவ்வளவே சாதனம். அப்படியிருந்தும் அந்த விளிம்பு அடியிலிருந்து நுனிவரை நூல் பிடித்தாற்போல் ஒரே கோடாக ஓடுகிறது. வரைபடமோ தூக்குக்குண்டோ இல்லாமல், வெளியே சாரமும் கட்டாமல், சுவருக்கு உட்புறம் நின்றபடியே தளந்தளமாக எழுப்பினார்கள் என்று அவ்வூர்க் கொத்தர்கள் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். மூலைகள் பலவாகும்போது அவையே சுவருக்கு முட்டாகி, பூமி அதிரும்போது கோபுரம் பிளவாமல் காக்கின்றன என்பது கட்டடக் கலை அறிந்தோர் கருத்து. 1786ஆம் ஆண்டில் தாடு பள்ளத்தாக்கையே உலுக்கி, மலை சரிந்து ஆற்றை அடைத்து, அந்த அடைப்பு உடைந்த வெள்ளத்தில் லட்சம் பேர் வரை மாண்ட அந்தப் பூகம்பத்தையும் தாங்கி நின்றவை இவற்றுள் உண்டென்றால், பெயர் தெரியாத அக்கொத்தர்களின் அறிவை என்னென்பது!

எப்போது கட்டினார்கள்? மலைகளில் வசித்துக் கற்களை அடுக்கிப் பெரும் உயரத்துக்கு வீடு கட்டும் ஜனங்களைப் பற்றிப் பிற்கால ஹான் வம்சத்துச் சரித்திர நூலே குறிப்பிடுகிறது. ஃபிரெடெரிக் தராகோன் என்னும் பிரெஞ்சு மாதரசி, 1998 முதல் இப்பள்ளத்தாக்குகளில் திரிந்து, கோபுரங்களில் பதித்த மரத்துண்டுகளைச் சேகரித்துக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பியதன் பயனாக, நிற்பவற்றுள் பல பல நூற்றாண்டுகள் வயதானவை என்றும் சில ஆயிரம் ஆண்டைக் கடந்தவை என்றும் தெரியவந்தது. ஏன் கட்டினார்கள் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. காவலுக்கு என்பார் சிலர். செல்வத்தைக் காட்ட என்பார் சிலர். ஆண்பிள்ளை பிறந்ததும் அடித்தளமிட்டு ஆண்டுக்கொரு தளமாக உயர்த்தி, அவனுக்குப் பெண் கேட்கும் வயதில் கோபுரத்தை முடிப்பார்கள் என்பது ஊர் வழக்கு. ஒரே காரணத்துக்காக இத்தனையும் எழுந்திருக்கும் என்று நினைப்பதே தவறென்று எனக்குத் தோன்றுகிறது.

யுத்தத்தில் அவை செய்த வேலை மட்டும் சந்தேகமறத் தெரிந்தது. சீனத்தை ஆண்ட மஞ்சூரிய வம்சத்துச் சியன்லுங் சக்கரவர்த்தி, இப்பள்ளத்தாக்குகளில் சில பதினாயிரம் ஜனங்களே கொண்டிருந்த ஜின்சுவான் சிற்றரசுகளை அடக்க 1747 முதல் 1749 வரையிலும், மறுபடி 1771 முதல் 1776 வரையிலும் போர் தொடுத்தார். கணவாய்தோறும் நின்ற கோபுரங்கள் மஞ்சூரியச் சேனையைத் தடுத்து நிறுத்தின. முதற்போரில் தோற்ற தம் சேனைத் தலைவர் இருவரைச் சக்கரவர்த்தி மரண தண்டனைக்கு உள்ளாக்கினார். பெய்ஜிங்கை அடுத்த நறுமணக் குன்றுகளில் இதேபோன்ற கோபுரங்களை எழுப்பி, வீரர்கள் ஏணியிட்டு ஏறப் பயிற்சி பெற்றார்கள். இரண்டாம் போருக்கு ஆன செலவு ஆறு கோடி டேல் வெள்ளிக்கு மேல். மத்திய ஆசியாவின் பரந்த பிரதேசங்களை வெல்ல அவர் செலவிட்டதைவிட மிகவும் அதிகம். வென்ற பிறகு பல கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. அப்பகுதியில் போன் மதத்தின் தலைமை மடம் பறிபோய் வேறு சம்பிரதாயத்தாரிடம் சென்றது. தப்பி நிற்பவற்றை 2013இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பட்டியலில் ஏறிவிட்டால் போதாது. உச்சியில் செடி முளைத்து, நடுவே விரிசல் கண்டு நிற்பவற்றைப் பார்க்கும்போது நெஞ்சு பதைக்கிறது.

தன்பாவிலிருந்து சாலை மறுபடி ஏறுகிறது. பதினோராவது தலாய் லாமா பிறந்த கார்தாரையும், 3,700 மீட்டர் உயரத்துத் தாகோங் புல்வெளியையும், அங்குள்ள பழைய ஆலயத்தையும், ஷாரா லாட்ஸே பனிச்சிகரத்தையும் வழியிலே காணலாம். உயரம் திடீரெனக் கூடுவதால் தலைவலியும் மூச்சுத்திணறலும் வரக்கூடும். தன்பாவில் இரண்டொரு நாள் தங்கியவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

வடமேற்கே கார்ஸே, மனிகாங்கோ என்று நெடுந்தூரம் போனால், சோலா மலையின் பனியாறு கரைக்கு அணித்தே இறங்கி நிற்க, சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் யில்ஹுன் லாட்ஸோ என்னும் புண்ணிய ஏரி விளங்குகிறது. காவிய நாயகனாகிய கேஸர் மன்னனின் தேவி இதன் அழகில் மனத்தைப் பறிகொடுத்தாள் என்பது ஐதீகம். கரையோரத்துப் பாறைகளில் மட்டுமன்றி, நீருக்குள் பாதி அமிழ்ந்த பாறைகளிலும் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்னும் ஷடாக்ஷர மந்திரத்தை ஆள் உயர எழுத்துக்களில் வெட்டி வர்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஏரிகளில் நாகங்கள் வசிப்பதாகவும், நீரை அசுத்தப்படுத்தினால் அவை சினந்து நோயும் வறட்சியும் வரச் செய்யுமென்றும் திபெத்தியர் நம்புவதால், இங்கே மீன் பிடிப்பதோ துணி துவைப்பதோ பெரும் அபசாரம். பௌத்தர் வலமாகச் சுற்றுவர். போன் மதத்தார் இடமாகச் சுற்றுவர். முன்னே செல்லும் கிழவி எந்தத் திசையில் போகிறாளோ அதே திசையில் நாமும் போவது மரியாதை.

ஏரிக்கு அப்பால் சோலா மலையை, 5,000 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய் வழியாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த காலம் 2017இல் சுரங்கப் பாதை திறந்ததோடு போயிற்று. இந்தச் சுரங்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். பனிக்காலத்தில் நோயாளிகளை அழைத்துச் செல்லும் கிராமத்தாருக்கு அது பெரிய உபகாரம். மறுபுறத்திலுள்ள தெர்கேயில், 1729ஆம் ஆண்டில் தொடங்கிய அச்சுக்கூடம் இன்றும் நடக்கிறது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மரப்பலகைகளில் எழுத்துக்களைச் செதுக்கி அடுக்கி வைத்திருக்கிறார்கள். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் பலகைக்கு மை தடவ, மற்றவர் தாளைப் பரப்பி உருளையால் அழுத்தி எடுக்கிறார். அத்தாளும், பூச்சி அணுகாத ஒரு நச்சுச் செடியின் வேரிலிருந்து அவ்வூரிலேயே செய்வது.