உங்களுக்குத் தெரியுமா? இருவழி மீட்டர் காட்டாத கணக்கு

கூரையில் சூரிய மின்தகடு பொருத்திய வீட்டில் மின்வாரியம் அமைக்கும் இருவழி மீட்டர், வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்த மின்சாரத்தையும் வீட்டிலிருந்து வெளியே சென்ற மின்சாரத்தையும் மட்டுமே பதிவு செய்கிறது. உற்பத்தியான கணமே வீட்டுக்குள் செலவாகிவிடும் மின்சாரம் அந்த மீட்டரைத் தொடுவதே இல்லை என்பதால், அதன் எண்களை மட்டும் கொண்டு வீட்டின் உண்மையான நுகர்வை அறிய இயலாது. தகடுகள் தரும் நேர்மின்சாரத்தை வீட்டுக்கருவிகளுக்கு ஏற்ற மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர், அன்றாட உற்பத்தியைத் தன் திரையிலோ கைப்பேசிச் செயலியிலோ காட்டும். அந்த எண்ணிலிருந்து வெளியே சென்றதைக் கழித்து, உள்ளே வந்ததைக் கூட்டினால் கிடைப்பதே மொத்த நுகர்வாகும்: உற்பத்தி 12 யூனிட், வெளியே சென்றது 7, உள்ளே வந்தது 4 எனில், நுகர்வு 9 யூனிட் (1 கிலோவாட் கருவி 1 மணி நேரம் இயங்கச் செலவாகும் மின்சாரமே 1 யூனிட்). தமிழ்நாட்டில் 3 கிலோவாட் அமைப்பு தெளிந்த நாளொன்றில் ஏறத்தாழ 12 யூனிட் தரும். ஒளி மிகுந்தால் உற்பத்தி மிகும் என்றாலும் வெப்பம் அதற்குப் பகையே. சிலிக்கான் தகட்டின் வெப்பநிலை 25 பாகை செல்சியசைக் கடந்தபின் ஒவ்வொரு பாகைக்கும் அதன் மின்திறன் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறைவதால், மே மாத நண்பகலில் எண் சற்றுத் தாழ்ந்திருப்பது பழுதன்று.