ஊரே புகையானால் யாருக்கு முதல் உதவி?

அடுப்பு புகைந்தால் ஜன்னலைத் திறந்து விடுகிறோம். ஊரே புகைந்தால் என்ன செய்வது? இந்தோனேசியாவின் சுமத்ராவில் காடுகள் எரிந்தபோது, 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் காற்று மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே ஆபத்து!

கர்ப்பிணியான என் தங்கை அப்போது அங்கேதான் இருந்தாள். "நாலு நாளா ஜன்னலையே திறக்கலைக்கா, நெஞ்செல்லாம் எரியுது" என்று போனில் அழுதாள்.

புகையிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள்தாம் முதலில் அவதிப்படுவார்கள்.

சிங்கப்பூர் அரசு அவர்களை மறக்கவில்லை. வருமானம் குறைந்த சுமார் 2 லட்சம் குடும்பங்களுக்கு 10 லட்சம் என்-95 முகக்கவசங்களை இலவசமாக ஒதுக்கியது. புகையால் நோயுற்ற சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் குறிப்பிட்ட கிளினிக்குகளில் கட்டணத்தைக் குறைத்தது. வீட்டில் ஏ.சி. இல்லாதவர்கள் வந்து உட்கார சமூக மன்றங்களில் குளிரூட்டிய அறைகளைத் திறந்து விட்டது.

ஆனால், சகோதரிகளே, இப்படி ஒரு சலுகை இருப்பதே தனியாக வாழும் பாட்டிக்கு எப்படித் தெரியும்? அடுத்த வீட்டுப் பெண்கள்தாம் போய்ச் சொல்ல வேண்டும்.

நாம் நினைவில் வைக்க வேண்டியவை:

* ஈரத்துணி நுண்துகளைத் தடுக்காது. என்-95 கவசம் முகத்தோடு ஒட்டியிருந்தால்தான் பலன்.

* சின்னக் குழந்தைகளின் முகத்துக்கு அது சரியாகப் பொருந்தாது. அவர்களை வெளியே விடாதீர்கள்.

* ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டாம். பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள்.

* மூச்சு இரைத்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே டாக்டரிடம் போங்கள்.